21 கிலோமீட்டரும் ஒரு கோடு போட்ட நோட்டும்

கடந்த ஜனவரியில் சென்னையில் ஓடிய அரை மராத்தானை 2 மணி 18 நிமிடம் 50 விநாடியில் முடித்தேன். இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று பதினான்கு வாரங்கள் பயிற்சி செய்திருந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் எந்த இலக்கும் இல்லாமல் ஓடிய என் முதல் அரை மராத்தானையே 2 மணி 9 நிமிடத்தில் முடித்தவள் நான். அதனால், முடிவுக் கோட்டைத் தாண்டியபோது கடிகாரம் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு, பதக்கத்தைக் கழுத்தில் போட வந்த பெண்ணிடம் கையை நீட்டி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு நேப்பியர் பாலத்தருகே புறப்பட்டபோது உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. இருட்டு, கூட்டம், ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்து கால்களை முன்னே தள்ளின. 2 மணி நேரத்தில் முடிக்கும் சீரான வேகத்தில் ஓடி மற்றவர்களுக்கு வழிகாட்டும் பேசரை விட்டுவிட்டு, 1 மணி 55 நிமிடத்துக்கு ஓடுபவரின் பின்னால் சேர்ந்துகொண்டேன். கலங்கரை விளக்கம், சாந்தோம், அடையாற்றுப் பாலம் என்று வரிசையாகக் கடந்து சென்றபோது, இதுதான் என் நாள் என்று உறுதியாக நம்பினேன். பெசன்ட் நகரில் சுற்றித் திரும்பிய பிறகு தொடைகள் கனக்கத் தொடங்கின. 14 கிலோமீட்டரைத் தாண்டியதும் நடந்தேன். அதன் பிறகு ஒரு விளக்குக் கம்பம் வரை ஓடுவதும், அடுத்த இரண்டு கம்பங்கள் வரை நடப்பதுமாகவே மீதித் தூரம் கழிந்தது. ஓரிடத்தில், பத்து வயதுகூட இருக்காத ஒரு பையன் ஆரஞ்சுச் சுளைகளை உள்ளங்கையில் ஏந்தி, என்னோடு நாலு அடி ஓடி வந்து கொடுத்தான். அவன் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

வீட்டில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். முடித்ததே பெரிய விஷயம், எத்தனை பேரால் 21 கிலோமீட்டர் ஓட முடியும், நேரமா முக்கியம் என்றெல்லாம் சொன்னார்கள். அன்போடு சொன்னவைதான், ஆனால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நான் இன்னும் தனியாகிப் போனதாகவே உணர்ந்தேன். எனக்கு நேரம் முக்கியமாக இருந்தது. நாலரை மணிக்கு எழுந்து, மகளுக்கு மதியச் சாப்பாட்டைக் கட்டி வைத்துவிட்டு ஓடப் போன பதினான்கு வாரங்களும் அந்த நேரத்துக்காகத்தான். அது முக்கியமில்லை என்றால் அந்த விடியற்காலைகளும் முக்கியமில்லை என்று ஆகிவிடுகிறதே என்றுதான் மனம் கணக்குப் போட்டது. அன்றிரவே, இரண்டு வாரத்தில் வேறோர் ஊரில் நடக்கவிருந்த போட்டிக்குப் பதிவு செய்யப் பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டேன்.

எங்கள் கடற்கரைக் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வயது 61, எங்கள் எல்லோருக்கும் அக்கா. மூன்றாம் நாள் மாலை வீட்டுக்கு வந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டு, “கைக்கடிகாரத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எவ்வளவு என்று இருக்குமே, வாசி” என்றார். பையிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, நான் சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதினார். முதல் ஐந்து கிலோமீட்டர் 27 நிமிடம் 5 விநாடி. அடுத்த ஐந்து 28 நிமிடம் 5 விநாடி. அதற்கடுத்த ஐந்து 31 நிமிடம் 50 விநாடி. இரண்டு மணி நேரத்தில் முடிக்க ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி போதும். நான் முதல் ஐந்தையும் 5 நிமிடம் 25 விநாடிக்கு ஓடியிருந்தேன். இதயத் துடிப்பு மூன்றாவது கிலோமீட்டரிலேயே 171-ஐத் தொட்டிருந்தது. “எங்கே முதலில் தண்ணீர் குடித்தாய்?” என்று கேட்டார். எட்டாவது கிலோமீட்டரில் என்றேன். அதற்கு முன் இருந்த இரண்டு தண்ணீர் மேசைகளையும் நேரம் போய்விடும் என்று தாண்டி ஓடியிருந்தேன்.

பிறகு விளக்கினார். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். கடற்கரைக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் காலையில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உள்சூட்டை வெளியேற்ற இரத்தம் தோலுக்கும் போக வேண்டும், தசைக்கும் போக வேண்டும். அதனால் அதே வேகத்துக்கு இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கும். அதோடு தொடக்கத்திலேயே விரைந்தால் தசையில் சேர்ந்துள்ள மாவுச்சத்தும் சீக்கிரம் கரைந்துவிடும். “உன் பயிற்சி தோற்கவில்லை. முதல் ஐந்து கிலோமீட்டரில் பின்னால் தேவைப்படுவதை எல்லாம் செலவு செய்துவிட்டாய்” என்றார். அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆனால் அது முதல் நாள் அழுகை இல்லை. என் ஏமாற்றத்தைப் பெரிய ஏமாற்றமாகவே ஒருவர் எடுத்துக்கொண்டு, அதன் எதிரே உட்கார்ந்து கணக்குப் பார்த்தாரே என்ற நிம்மதி.

இரண்டு வாரத்தில் இன்னொரு போட்டி என்று சொன்னதும் தலையை ஆட்டி மறுத்தார். பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃபைப் பற்றி அன்றுதான் அவர் சொல்லிக் கேட்டேன். 42 கிலோமீட்டர் முழு மராத்தானில், 2003-இல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் பெண்களுக்கான உலக சாதனை படைத்தவர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெயிலும் உடல்நலக் குறைவும் சேர்ந்து வாட்ட, 36-ஆவது கிலோமீட்டர் அளவில் ஓட முடியாமல் சாலையோரத்தில் அழுதார். ஐந்து நாள் கழித்து 10,000 மீட்டர் ஓட்டத்தில் இறங்கினார். அதையும் முடிக்க முடியவில்லை. ஏதென்ஸ் மராத்தானுக்குப் பதினோரு வாரம் கழித்து, அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மராத்தானில் வென்றார். எனக்கும் அவருக்கும் எந்த ஒப்பீடும் கிடையாது. ஆனால் அந்த ஐந்து நாளையும் பதினோரு வாரத்தையும் அக்கா பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது, பணம் கட்டும் பக்கத்தை மூடிவிட்டேன்.

இப்போது ஆறு வாரம் ஆகிறது. முதல் வாரம் ஓடவே இல்லை. இரண்டாம் வாரம் அக்காவோடு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, பேச்சு தடைபடாத வேகத்தில் ஓடினேன். கடிகாரத்தின் மேல் கைக்குட்டையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார், கட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களில் கடைசி மூன்று கிலோமீட்டரை முதல் மூன்றைவிட வேகமாக ஓட வேண்டும் என்பது மட்டும்தான் இப்போதைக்குள்ள விதி. இரண்டு முறை முடிந்தது, ஒருமுறை முடியவில்லை. பையிலேயே கிடந்த பதக்கத்தை மகள் கண்டெடுத்து, தன் அறைக் கதவின் தாழ்ப்பாளில் மாட்டிவைத்திருக்கிறாள். கதவைத் திறக்கும்போதெல்லாம் அது இடித்துச் சத்தம் எழுப்புகிறது. எடுத்துவிடச் சொல்லவில்லை.

அடுத்த போட்டியைப் பற்றிக் கோடை கழிந்த பிறகுதான் பேச வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். நாளை 14 கிலோமீட்டர். நோட்டில் புதிய பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நாலே முக்காலுக்கு எலியட்ஸ் கடற்கரையில் நிற்பதாகச் சொன்னார்.