வாணியம்பாடியிலிருந்து வந்த பெட்டி

2024 மே 5, ஞாயிறு

காட்பாடியில் ரயிலேறி வாணியம்பாடி போய்வந்தேன். அக்னி நட்சத்திரத்தின் இரண்டாம் நாள். திரும்பும்போது ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. பெட்டியைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

விற்ற பெரியவருக்கு எண்பது வயதிருக்கும். தோல் ஏற்றுமதி செய்தவர். இந்தப் பக்கமெல்லாம் ஒரே வடாற்காடாக இருந்த காலத்தில், 1982இல் வியாபாரமாக ஜெர்மனி போனபோது வாங்கியதாம். என்ஏடி நிறுவனத்தின் 3020 ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்து 1978இல் வெளிவந்தது. ஒரு பக்க ஸ்பீக்கருக்கு 20 வாட் என்றுதான் கணக்கு. ஆனால் தவில் அடி போல ஒரு நொடி வந்து போகும் ஓசைக்கு அதைவிடக் கூடுதலாகவே கொடுக்கும். விலை குறைந்த பெட்டியிலும் நல்ல இசை கேட்கலாம் என்று காட்டிய கருவி என்பதால்தான் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

“பத்து வருடமாகப் பரணில்தான் கிடக்கிறது தம்பி. ஓடாது. தூக்கிப்போட மனம் வரவில்லை” என்றார். ஆறாயிரம் ரூபாய் கேட்டார். பேரம் பேசவில்லை. கைக்குட்டையால் முகப்பைத் துடைத்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார்.

மே 6, திங்கள்

இரவு மூடியைக் கழற்றினேன். உள்ளே விரல் பருமனுக்குத் தூசி. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் தட்டித் தட்டி எடுத்தேன்.

ஃபியூஸைப் பார்த்ததும் கோபம் வந்தது. எப்போதோ பழுது பார்த்தவர் யாரோ, எரிந்துபோன ஃபியூஸின் கண்ணாடிக் குழாய்மேல் செம்புக் கம்பியைச் சுற்றிவைத்திருக்கிறார். மூன்று இழை. உள்ளே ஏதாவது ஷார்ட் ஆகியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே கருகியிருக்கும். அதற்கு இனி மாற்று கிடைப்பது அரிது. இரண்டு ரூபாய்ப் பொருளை மிச்சம் பிடிக்க இப்படியா செய்வது? கம்பியைப் பிய்த்தெறிந்துவிட்டு, பின்பக்கம் அச்சிட்டிருக்கும் அளவுக்கே புதிய ஃபியூஸ் போட்டேன்.

மே 11, சனி

நேராக மின்சாரம் கொடுக்கத் துணியவில்லை. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் மாட்டி, அதன் வழியாகக் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும். ஷார்ட் இல்லையென்றால், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டன்சர்கள் நிரம்பும்வரை பளிச்சிட்டுவிட்டு மங்கிவிடும்.

பளிச்சிட்டது. மங்கியது. மூச்சு வந்தது.

பிறகு ஸ்பீக்கரை இணைத்தேன். இரண்டு பக்கமும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல். வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் அது குறையவில்லை. பாட்டு இடப்பக்கம் மட்டும் வந்தது. வலப்பக்கம் வெறும் இரைச்சல்.

மே 12, ஞாயிறு

வால்யூமுக்கு அடங்காத இரைச்சல் என்றால் மின்வழங்கியில்தான் கோளாறு. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை இரண்டு அரை அலையும் சேர்த்து நேராக்கும்போது 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் மிஞ்சும். அதை வழித்துவிடுவது பெரிய கண்டன்சர்களின் வேலை. இதில் இரண்டின் தலையும் உப்பியிருக்கிறது. நாற்பது வருடம் உழைத்தவை, குறை சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. இது ஜெர்மனியின் அந்தக்கால 220 வோல்ட்டுக்கு வந்த பெட்டி. எங்கள் தெருவில் நள்ளிரவுக்குமேல் 245 வரை ஏறுகிறது. அப்போது உள்ளே இருக்கும் மின்னழுத்தமும் நூற்றுக்குப் பதினொன்று கூடிவிடும். அதனால் பழையதைவிட ஒரு படி கூடுதல் வோல்ட் தாங்குவதையே போட வேண்டும்.

மே 18, சனி

சென்னையில் ஒரு கடையில் போன வாரம் சொல்லிவைத்து வாங்கிய கண்டன்சர் போலி. மேலே 4,700 மைக்ரோஃபாராட் என்று அச்சு. மீட்டர் 2,100தான் காட்டுகிறது. எடையும் இல்லை. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். பெரிய டப்பாவுக்குள் சுண்டுவிரல் அளவில் ஒரு சிறு கண்டன்சர், சுற்றிலும் காகிதம். வேறு கடையில் விலை மூன்று மடங்கு கொடுத்து, அங்கேயே அளந்து பார்த்து வாங்கிவந்தேன்.

மாற்றியதும் இரைச்சல் அடியோடு போய்விட்டது. ஸ்பீக்கரில் காதை வைத்தால்கூட ஒன்றுமில்லை. வலப்பக்கம் இன்னும் ஊமை.

மே 25, சனி

இந்த வாரம் முழுக்க வலப்பக்கத்தோடு போராட்டம். கடைசியில் நின்று ஸ்பீக்கரை ஓட்டும் 2என்3055, எம்ஜே2955 டிரான்சிஸ்டர் ஜோடிமேல்தான் சந்தேகம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டுத்தான் கை வைத்தேன்.

டிரான்சிஸ்டருக்கு பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று முனைகள். இவற்றின் உலோக உடம்பே கலெக்டர் முனை. வெப்பம் தணிக்கும் தகட்டில் நேராகப் பட்டால் ஷார்ட். அதற்காக இடையில் கண்ணாடிபோல் ஒரு மைக்கா தாள் இருக்கும். தூக்கும்போது ஒன்று நகத்தடியிலேயே பொடிந்தது. காய்ந்துபோன வெள்ளைப் பசையைச் சுரண்டி, புது மைக்கா வெட்டிவைத்து, புதுப் பசை தடவினேன். டிரான்சிஸ்டர்களை அளந்தேன். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 0.6 வோல்ட் அளவில் எல்லாம் சரியாகவே காட்டின. திரும்ப அவற்றையே மாட்டினேன். ஊமை, ஊமையேதான்.

மே 26, ஞாயிறு

தோட்டப்பாளையத்து அண்ணனை அழைத்துவந்தேன். முப்பது வருடம் ரேடியோ பழுது பார்த்தவர். மூடியைக்கூடத் திறக்கவில்லை. காபி குடித்துக்கொண்டே நடந்ததையெல்லாம் கேட்டார்.

“முதல் நாள் இரைச்சல் எந்தப் பக்கம் வந்தது?”

“இரண்டு பக்கமும்தான் அண்ணே.”

“வலது ஸ்பீக்கர் இரைந்தது என்றால் வலது டிரான்சிஸ்டர் உயிரோடுதான் இருக்கிறது. பாட்டு அதுவரை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.”

பெட்டியைத் திருப்பினார். பின்பக்கம் ‘ப’ வடிவில் இரண்டு சிறு உலோகக் கம்பிகள். முன்பகுதியில் பக்குவமான ஓசை ஒரு துளை வழியாக வெளியே வந்து, இந்தக் கம்பி வழியாகத்தான் அடுத்த துளைக்குள் நுழைந்து கடைசிப் பகுதிக்குப் போகிறது. வேண்டுமானால் இரண்டையும் பிரித்துப் பயன்படுத்தலாம் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வலப்பக்கக் கம்பியை அண்ணன் உருவினார். இரண்டு கால்களிலும் பச்சையும் கருப்புமாகக் களிம்பு. மெல்லிய உப்புத்தாளில் நாலு தேய்ப்பு, ஸ்பிரிட்டில் ஒரு துடைப்பு, திரும்பச் செருகினார்.

வலப்பக்கம் பாடியது.

மே 11ஆம் தேதி நானே எழுதியிருக்கிறேன், ‘வலப்பக்கம் வெறும் இரைச்சல்’ என்று. இன்று அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

ஜூன் 2, ஞாயிறு

டிரான்சிஸ்டர்களைக் கழற்றி மாட்டியதால் பயஸ் மின்னோட்டத்தை, அதாவது பாட்டு இல்லாதபோதும் அவற்றில் ஓடும் சிறு மின்னோட்டத்தை, புதிதாக வைக்க வேண்டியிருந்தது. தொடர் பல்பை எடுத்துவிட்டு, அரைமணி நேரம் சூடாக விட்டு, சர்வீஸ் குறிப்பில் உள்ள அளவுக்குத் திருகினேன். மயிரிழை திருகினால் மீட்டர் ஓடுகிறது. ஸ்பீக்கர் முனையில் பாட்டு இல்லாதபோது மிஞ்சும் டி.சி. மின்னழுத்தம் இடம் 12 மில்லிவோல்ட், வலம் 18. ஐம்பதுக்குள் இருந்தால் கவலையில்லை. வால்யூமின் கரகரப்பு கான்டாக்ட் கிளீனரிலேயே போய்விட்டது.

கண்டன்சர், ஃபியூஸ், மைக்கா தவிர எதையும் மாற்றவில்லை. விலை உயர்ந்த புதுப் பாகங்கள் போட்டால் இன்னும் நன்றாகப் பாடும் என்று நண்பர் சொன்னார். பெரியவர் 1982இல் கேட்ட குரல் எனக்குப் போதும்.

மாலையில் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாகஸ்வர இசைத்தட்டு. ஆலாபனையில் முகப்பின் ஐந்து சிறு விளக்குகளில் முதல் இரண்டுதான் எரிந்தன. தவில் புகுந்ததும் நான்காவது விளக்கு அடிக்கு அடி துடித்தது. வாணியம்பாடிக்குப் போன் செய்து ஸ்பீக்கர் முன்னால் பிடித்தேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “இரண்டு பக்கமும் வருகிறதா தம்பி?” என்று கேட்டார்.

வருகிறது என்றேன்.

நாளை காலை ஒன்பது முதல் இரண்டு வரை எங்கள் பகுதியில் மின்தடை. அதற்குள் மூடியின் துருவைத் தேய்த்து, ஒரு கை கருப்பு பெயின்ட் அடித்துவிட வேண்டும்.