30 பஃபர், இரண்டு பூட்டு: எக்ஸ்வி6-இன் பயோ.சி-யைத் துலக்கிய அனுபவம்

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலின் நிரல் எதையாவது எடுத்துச் சுத்தம் செய்து, விளக்கமும் எழுதிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. லினக்ஸில் தொடங்குவது சரிப்படாது. அங்கே பஃபர் (டிஸ்க் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத் துண்டு) விஷயம் பேஜ் கேஷோடு, அதாவது கோப்புப் பக்கங்களின் நினைவக நகலோடு, பின்னிக் கிடக்கிறது, ஓர் இழையை இழுத்தால் பாதி கெர்னல் கூடவே வரும். அதனால் எக்ஸ்வி6-ஐ எடுத்துக்கொண்டேன். எம்ஐடி-யில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்துக்காக 2006-இல் எழுதத் தொடங்கிய கெர்னல் இது. பழைய யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் அமைப்பையே இன்றைய சி மொழியில் திரும்ப எழுதியிருக்கிறார்கள். முதலில் எக்ஸ்86-இல் ஓடியது, இப்போது ரிஸ்க்-வி-யில். கியூஎமு என்ற எமுலேட்டரும் ரிஸ்க்-வி கம்பைலரும் இருந்தால் போதும், மடிக்கணினியிலேயே பூட் செய்து பார்க்கலாம்.

அதில் நான் கைவைத்த கோப்பு ஒன்றே ஒன்றுதான்: பயோ.சி. சுமார் 150 வரி. டிஸ்க் பிளாக்குகளின் நகலை நினைவகத்தில் வைத்திருப்பது அதன் வேலை. அந்த நகல்களின் தொகுப்புதான் கேஷ். ஒவ்வொரு பஃபரிலும் 1024 பைட் தரவு, மொத்தம் 30 பஃபர். ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் 15 பஃபர்தான் இருந்தன. கோப்பின் பெயரும் பி-ரீட், பி-ரைட், பி-ரிலீஸ் என்ற ஃபங்ஷன் பெயர்களும் அங்கிருந்து வந்தவை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது மோசமான நிரல் அல்ல. எழுதியவர்கள் கைதேர்ந்தவர்கள். கோப்பின் தலையில் நல்ல விளக்கமும் இருக்கிறது: பிளாக் வேண்டுமா, பி-ரீட்டைக் கூப்பிடு; மாற்றினால் பி-ரைட்; முடிந்ததும் பி-ரிலீஸ், அதற்கப்புறம் பஃபரைத் தொடாதே. பஃபரைப் பயன்படுத்துகிறவருக்கு இது போதும். இந்தக் கோப்புக்குள்ளேயே கைவைத்து மாற்ற நினைக்கிறவருக்குப் போதாது. அவர் கேட்கும் கேள்வி வேறு: இந்த வரியில் நிற்கும்போது எந்தப் பூட்டு (ஒரே நேரத்தில் இருவர் ஒன்றைத் தொடாமல் தடுப்பது) என் கையில் இருக்கிறது, எந்த ஃபீல்டை நான் தொடலாம்?

பஃபரின் ஸ்ட்ரக்ட்டில் இருக்கும் ஃபீல்டுகள் இவை: வேலிட், டிஸ்க், டிவைஸ் எண், பிளாக் எண், ஒரு ஸ்லீப் பூட்டு (கிடைக்காவிட்டால் தூங்கிக் காத்திருக்கும் வகை), ரெஃப்கவுண்ட் (பஃபரை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை), முன்-பின் சுட்டிகள், கடைசியில் தரவு. வேலிட் என்றால் டிஸ்க்கிலிருந்து படித்தாகிவிட்டது, டிஸ்க் என்றால் இப்போது டிஸ்க்கின் பொறுப்பில் இருக்கிறது என்று சின்னச் சின்ன கமென்ட் உண்டு. எதை எந்தப் பூட்டு காக்கிறது என்று மட்டும் எங்கும் இல்லை. ஆகவே முதல் வேலையாக நிரலைத் தொடாமல், ஒவ்வொரு ஃபீல்டையும் யார் எங்கே எழுதுகிறார்கள் என்று தேடி, நோட்டில் குறித்துக்கொண்டே போனேன். வந்த கணக்கு இது. டிவைஸ், பிளாக் எண், ரெஃப்கவுண்ட், இரண்டு சுட்டிகள் ஆகியவை கேஷ் முழுவதற்கும் பொதுவான ஸ்பின் பூட்டின் (தூங்காமல் திரும்பத் திரும்பக் கேட்கும் வகை) கீழ். தரவும் வேலிட்டும் அந்தந்தப் பஃபரின் ஸ்லீப் பூட்டின் கீழ். டிஸ்க் ஃபீல்டு இரண்டிலும் சேராது. இருப்பது பஃபருக்குள், அதைக் காப்பது விர்ட்-ஐஓ என்ற டிஸ்க் டிரைவரின் பூட்டு.

இதில் வேலிட் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. பிளாக்குக்கு உரிய பஃபரைத் தேடித் தரும் உள் ஃபங்ஷனான பி-கெட், ஒரு பழைய பஃபரை வேறு பிளாக்குக்கு மாற்றிக் கொடுக்கும்போது, ஸ்லீப் பூட்டை எடுக்காமலேயே வேலிட்டைப் பூஜ்யமாக்குகிறது. விதிப்படி பார்த்தால் தப்பு. ஆனால் அந்தக் கணத்தில் ரெஃப்கவுண்ட் பூஜ்யம். யாரிடமும் அந்தப் பஃபரின் சுட்டி இல்லை, புதிதாக யாரும் பிடிக்கவும் முடியாது, ஏனென்றால் ஸ்பின் பூட்டு நம் கையில். எனவே பாதகமில்லை.

அதற்கடுத்த நொடி இன்னும் சுவாரசியம். பி-கெட் ரெஃப்கவுண்டை 1 ஆக்கி, ஸ்பின் பூட்டை விட்டுவிட்டு, அப்புறம்தான் ஸ்லீப் பூட்டைக் கேட்கிறது. நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் இன்னொரு புரோசஸ் அதே பிளாக்கைத் தேடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பஃபர் பட்டியலில் கிடைக்கும், ரெஃப்கவுண்ட் 2 ஆகும், ஸ்லீப் பூட்டையும் அதுவே முந்திக்கொண்டு எடுத்துவிடலாம். கெட்டுப்போகுமா என்றால், கெடாது. வேலிட்டைப் பார்ப்பது ஸ்லீப் பூட்டு கிடைத்த பிறகுதான். பின்னால் வந்தவர் முதலில் பூட்டை எடுத்தால், வேலிட் பூஜ்யமாக இருப்பதைக் கண்டு அவரே டிஸ்க்கிலிருந்து படித்துவிடுவார். முதலில் வந்தவருக்குப் பூட்டு கிடைக்கும்போது தரவு தயாராக இருக்கும். பிளாக்கைக் கேட்டவரே படிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இந்த ஒரு பத்தியை பி-கெட்டின் தலையில் எழுதி வைத்ததுதான் மொத்த வேலையிலும் உருப்படியான காரியம் என்று நினைக்கிறேன்.

ஸ்பின் பூட்டை விடாமலே ஸ்லீப் பூட்டைக் கேட்டால் என்ன ஆகும் என்று வேண்டுமென்றே வரிசையை மாற்றியும் பார்த்தேன். பூட் ஆகிறது, எல்எஸ் அடித்தால் பட்டியல் வருகிறது, எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தெரிகிறது. பல புரோசஸ்கள் ஒரே நேரத்தில் கோப்பு எழுதும் சோதனையை ஓட்டியதும் ‘ஷெட் லாக்ஸ்’ என்று பேனிக், அதாவது செய்தியைச் சொல்லிவிட்டுக் கெர்னல் நின்றுவிட்டது. தூங்கப் போகும் புரோசஸ் தன் சொந்தப் பூட்டைத் தவிர வேறு ஸ்பின் பூட்டு எதையும் கையில் வைத்திருக்கக் கூடாது என்பதை ஷெட்யூலர் சரிபார்க்கிறது. பூட்டுக்குப் போட்டி வந்தால்தான் தூக்கம் வரும், தூக்கம் வந்தால்தான் இந்தச் சோதனைக்கே வேலை. இதையும் கமென்ட்டில் சேர்த்தேன், பேனிக் செய்தியோடு. நாளைக்கு யாராவது அந்தச் செய்தியைத் தேடினால் இங்கே வந்து நிற்பார்கள்.

அடுத்தது நிரல் மாற்றம். பெரிதாக ஒன்றுமில்லை. பட்டியலின் முன்னால் பஃபரைச் சேர்க்கும் நான்கு வரி தொடக்க ஃபங்ஷனிலும் பி-ரிலீஸிலும் அப்படியே இரண்டு முறை இருந்தது. அதைத் தனி ஃபங்ஷன் ஆக்கினேன். பி-கெட்டில் உள்ள இரண்டு சுற்றுகளையும், அதாவது இருக்கிறதா என்று தேடுவது, இல்லாவிட்டால் காலியானதைப் பின்பக்கமிருந்து பொறுக்குவது, தனித்தனியாகப் பிரித்தேன். அவ்வளவுதான்.

கிட்டில் (git) சேமிக்கும்போது கமென்ட் மட்டும் மாறும் கமிட்டுகளையும் நிரல் மாறும் கமிட்டுகளையும் கலக்கவே இல்லை. கமென்ட் கமிட்டுக்கு எளிய பரீட்சை ஒன்று உண்டு: முன்னும் பின்னும் கெர்னலை டிஸ்அசெம்பிள் செய்து டிஃப் போட்டால் ஒரு எழுத்துகூட மாறியிருக்கக் கூடாது. எக்ஸ்வி6-இன் மேக்ஃபைல் தானாகவே உருவாக்கித் தரும் அசெம்பிளி கோப்பு இதற்கு ஆகாது. அதில் சி வரிகளும் கலந்திருக்கும், கமென்ட்டும் சேர்ந்து வந்துவிடும். ஆப்ஜ்டம்ப்பை வெறும் டிஸ்அசெம்பிளிக்கு மட்டும் தனியாக ஓட்ட வேண்டும்.

இனி பின் (pin) போடும் கதை, அதாவது பஃபரை வெளியேறாமல் பிடித்து வைப்பது. எக்ஸ்வி6-இல் கோப்பு முறைமை நேராக டிஸ்க்கில் எழுதாது. முதலில் லாக் (log, பதிவேடு) பகுதியில் எழுதி, கமிட் செய்து (எழுதி முடிந்தது என்று டிஸ்க்கில் குறித்து), பிறகுதான் உரிய இடத்துக்கு மாற்றும். கமிட் முடியும் வரை மாறிய பிளாக் கேஷை விட்டு வெளியேறக் கூடாது. அதற்காக லாக்-ரைட், பி-பின்னைக் கூப்பிட்டு ரெஃப்கவுண்டை ஒன்று கூட்டி வைக்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான். இருக்கையில் ஆள் இல்லை, ஆனாலும் வேறு யாரும் உட்கார முடியாது.

பிரச்சினை, 30 இருக்கைதான் இருக்கிறது. லாக்கின் அளவும் 30, கேஷின் அளவும் 30. இரண்டுமே ‘ஒரு செயலுக்கு அதிகபட்சம் 10 பிளாக், அதன் மூன்று மடங்கு’ என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உறவு இருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. நினைவகத்தை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது கேஷை மட்டும் குறைத்தால் என்ன ஆகும்? குறைத்துப் பார்த்தேன்.

பேனிக் ஆகும் முன் எல்லாப் பஃபர்களின் நிலையையும் அச்சிட ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி பி-கெட்டில் சேர்த்தேன். கன்ட்ரோல்-பி அழுத்தினால் புரோசஸ் பட்டியல் வருமே, அதனோடும் இணைத்துவிட்டேன். பிறகு பஃபர் எண்ணிக்கையை 3 ஆக்கி, புதிய டிஸ்க் இமேஜோடு பூட். ஷெல் தொடங்குகிறது என்ற செய்திகூட வரவில்லை. ‘பி-கெட்: நோ பஃபர்ஸ்’. அதற்கு மேலே என் ஃபங்ஷன் காட்டிய மூன்று பிளாக்குகள்: 32, 33, 46. மூன்றிலும் ரெஃப்கவுண்ட் 1.

என்னிடம் இருந்த பதிப்பில் டிஸ்க்கின் அமைப்பு இப்படி: 0 பூட், 1 சூப்பர்பிளாக், 2 முதல் 31 வரை லாக், 32 முதல் 44 வரை ஐநோடுகள் (கோப்புகளின் விவரக் குறிப்புகள்), 45 பிட்மேப் (எந்த பிளாக் காலி என்ற கணக்கு), 46-இலிருந்து தரவு. புதிய இமேஜில் கன்சோல் என்ற டிவைஸ் கோப்பு இருக்காது, முதல் யூசர் புரோசஸான இனிட் அதை முதன்முதலாக உருவாக்குகிறது. புதிய ஐநோடு 33-இல் விழுகிறது. ரூட் கோப்புறையின் உள்ளடக்கம் 46-இல், ரூட்டின் சொந்த ஐநோடு 32-இல். மூன்று பிளாக் மாறியது, மூன்றுக்கும் துண்டு போட்டாயிற்று. கமிட் செய்ய வரும்போது லாக் பிளாக்கைப் படிக்க நான்காவதாக ஒரு பஃபர் வேண்டும். எங்கே போவது?

எண்ணிக்கையை 4 ஆக்கினால் ஷெல் வருகிறது. அங்கே ஒரு கோப்புறையை உருவாக்கச் சொன்னால் மறுபடி பேனிக். இப்போது பிட்மேப்பும் புதிய தரவு பிளாக்கும் கூடச் சேர்ந்து, மாறும் பிளாக்குகள் ஐந்து. 5 வைத்தாலும் ஆகாது, கமிட்டுக்கு ஒன்று வேண்டுமே. 6-இல் நடக்கிறது. ஆக விதி இதுதான்: ஒரே கமிட்டில் மாறக்கூடிய பிளாக்குகள் அத்தனையும், அதற்கு மேல் குறைந்தது ஒன்றும் கேஷில் இருக்க வேண்டும். இதை, இந்த அளவுகளை வரையறுக்கும் பாராம்.ஹெச்-இல் அந்த 30-க்குப் பக்கத்திலேயே எழுதினேன். உண்மையில் ஒரு செயல் 10 பிளாக்கையும் தொடுவதில்லை. பெரிய ரைட்டைக்கூட 3072 பைட் துண்டுகளாக உடைத்துத்தான் எழுதுகிறது. அதனால்தான் 30-க்கு 30 வைத்தும் வண்டி ஓடுகிறது.

தலைப்புக் கமென்ட்டையும் திருத்த வேண்டியிருந்தது. ‘மாற்றினால் பி-ரைட்’ என்று அது சொல்கிறது. கிரெப் போட்டுத் தேடிப் பார்த்தால் பி-ரைட்டைக் கூப்பிடுவது லாக்.சி மட்டும்தான். கோப்பு முறைமையின் மற்ற எல்லா இடத்திலும் லாக்-ரைட். லாக்.சி-யில் இதைச் சரியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள், பயோ.சி-க்கு மட்டும் சேதி வந்து சேரவில்லை. புதிதாக வரும் மாணவர் இந்தக் கமென்ட்டை நம்பி பி-ரைட் போட்டால் நிரல் ஓடும், சோதனையும் தேறும். இடையில் மின்சாரம் போனால்தான் வித்தியாசம் தெரியும்.

அப்புறம் ரெஃப்கவுண்ட். அது குறியில்லா முழு எண். பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் 4294967295 ஆகிவிடும். அந்தப் பஃபர் அதோடு போயிற்று, வேறு பிளாக்குக்குத் திரும்பக் கிடைக்காது. பேனிக்கும் வராது, சத்தமில்லாமல் கேஷ் ஒன்று குறையும். பின்னை எடுக்கும் பி-அன்பின்னில் ஒரு சரிபார்ப்பு போட்டால் போதும் என்று தோன்றும், போதாது. கிராஷுக்குப் பிந்தைய மீட்பில் யாரும் பின் போட்டிருக்க மாட்டார்கள். அதனால் லாக்.சி அங்கே அன்பின்னைத் தவிர்க்க ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கமிட்டின் நடுவில் செயற்கையாக ஒரு பேனிக் வைத்து, அதே இமேஜில் திரும்ப பூட் செய்தால் மீட்பு ஓடும். பி-ரீட் கணக்கை 1 ஆக்குகிறது, பி-அன்பின் அதைப் பூஜ்யமாக்குகிறது, அதுவரை சட்டப்படி சரி. உடைவது அடுத்து வரும் பி-ரிலீஸில். எனவே சரிபார்ப்பு இரண்டு இடத்திலும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு எக்ஸ்வி6-இன் சோதனைத் தொகுப்பான யூசர்டெஸ்ட்ஸ் முழுதாக ஓட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அது கொஞ்சம் நேரம் பிடிக்கும், டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். கேஷை ஹாஷ் பக்கெட்டுகளாகப் பிரித்துப் பூட்டுப் போட்டியைக் குறைப்பது எம்ஐடி பாடத்திலேயே ஒரு பயிற்சியாக வந்திருக்கிறது. கை அரித்தது, ஆனாலும் தொடவில்லை. வேகப்படுத்துவதும் துலக்குவதும் ஒரே கிளையில் வந்தால் எதனால் எது உடைந்தது என்று தெரியாது.

ஒன்று மட்டும் தீர்வில்லாமல் கமென்ட்டாக நிற்கிறது. ரெஃப்கவுண்ட் பூஜ்யமாகும்போது பஃபரைப் பட்டியலின் முன்னால் நகர்த்துவது பி-ரிலீஸ் மட்டுமே. பி-அன்பின் எண்ணைக் குறைக்குமே தவிர, பட்டியலைத் தொடாது. லாக்.சி முதலில் அன்பின், பிறகு ரிலீஸ் என்ற வரிசையில் கூப்பிடுவதால் இப்போது சரியாக நடக்கிறது. அந்த இரண்டு வரியை இடம் மாற்றினால் சோதனை எதுவும் தோற்காது. இப்போதுதான் எழுதிய பிளாக் பழையதோடு பழையதாகப் பின்னால் கிடந்து, சீக்கிரமே வெளியேற்றப்படும். பி-அன்பின்னே நகர்த்தும் வேலையையும் செய்யலாம்தான். ஆனால் அதைக் கூப்பிடுகிற இடம் இப்போதைக்கு ஒன்றே ஒன்று. எனவே ‘இதற்குப் பின் பி-ரிலீஸ் வர வேண்டும்’ என்று எழுதி விட்டுவிட்டேன். லாக்.சி-யைக் கையில் எடுக்கும்போது இதைத் திரும்பப் பார்க்க வேண்டும்.