நாணய விளிம்பில் எழுத்து: அலுமினிய வட்டில் செய்து பார்த்தது

ஜெர்மனியின் 2 யூரோ நாணயத்தின் விளிம்பில் ‘ஒற்றுமையும் நீதியும் சுதந்திரமும்’ என்று ஜெர்மன் வாசகம் ஓடும். முகப்பை அடிக்கும் முன்பே, வெறும் வட்டாக இருக்கும்போதே அதை உருட்டிப் பதித்துவிடுகிறார்கள். அப்புறம் வட்டு எந்தப் பக்கமாக அச்சில் விழுகிறதோ அதுதான் கணக்கு. அதனால் சில காசுகளில் வாசகம் நேராகவும், சிலவற்றில் தலைகீழாகவும் இருக்கும்.

அந்த உருட்டலை வீட்டில் செய்து பார்த்தேன். மாதிரி, 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் காஸ்டாங் என்பவர் கொண்டுவந்த கருவி. இரண்டு எஃகுப் பட்டைகள். ஒன்று அசையாது, மற்றது நகரும். நடுவே வட்டு படுத்தபடி உருளும். பட்டைக்குப் பாதி வாசகம் என்பதால் அரைச் சுற்றிலேயே விளிம்பு முழுவதும் நிறைந்துவிடும். எவ்வளவு அழகான யோசனை!

என் வட்டு 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம். சுற்றளவு 78.5 மி.மீ., ஆக ஒரு பட்டைக்கு 39 மி.மீ. சொச்சம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 2 மி.மீ. எழுத்துப் பதிக்கும் எஃகு முளையால் (லெட்டர் பஞ்ச்) பட்டையில் அடித்தால் எழுத்து அதில் நேராக விழும். ஆனால் வட்டுக்குப் போகும்போது இடம் வலமாகிவிடும். எனவே A, M, T, O மாதிரி திருப்பினாலும் மாறாத ஆங்கில எழுத்துகளில் சொல் தேடினேன். ‘அம்மா’ (AMMA) கிடைத்தது. நான்கு எழுத்தும் அப்படியே. வரிசையைத் திருப்பினாலும் அதே சொல்!

அலுமினியத்தை மென்மையாக்க, மேலே சோப்பைத் தடவி, அது கறுக்கும்வரை சூடு காட்டினால் போதும். பட்டைகளின் இடைவெளியை வட்டைவிடத் துளி குறைவாக வைத்து, நகரும் பட்டையைப் பெஞ்ச் வைஸால் தள்ளினேன். வட்டு உருளாமல் வழுக்கினால் எழுத்து இழுபட்டுப் போகிறது. பட்டைகளில் சொற்களுக்கு நடுவே அரத்தால் மெல்லிய கோடுகள் போட்டதும் நல்ல பிடிப்பு வந்தது. இப்போது எழுத்துகள் விரல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் புடைத்து நிற்கின்றன.

1662-இல் இங்கிலாந்தின் கிரவுன் நாணய விளிம்பிலும் எழுத்து இப்படிப் புடைத்துத்தான் இருந்தது. ‘அணியும் அரணும்’ என்பது அந்த லத்தீன் வாசகத்தின் பொருள். ஓரத்து வெள்ளியை யாரும் சுரண்டி எடுத்தால் உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது முகப்பு. சுற்றிலும் சாதாரண வளையம் போட்டு அடித்தால் புடைத்த எழுத்து நசுங்கும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாணயச் செதுக்குநர் த்ரோஸ், முகப்பை அடிக்கும்போதே விளிம்பு எழுத்தையும் பதிக்க, துண்டு துண்டாகப் பிரியும் வளையத்தைப் பயன்படுத்தினார். நானும் மூன்று துண்டாகப் பிரியும் ஒன்றை லேத் பட்டறையில் கடையக் கொடுத்திருக்கிறேன்.