உடைந்த குண்டு பல்பு

பூஜையறைக் குண்டு பல்பைக் கழற்றும்போது கை நழுவியது. டப்பென்று ஒரு சத்தம்.

"அங்கேயே நில்லுடா, கண்ணாடி குத்திரும்!" அம்மா.

நின்றபடி ஜோசப் ஸ்வானை நினைத்தேன். எடிசனுக்குச் சில மாதங்கள் முன்பே, 1879 பிப்ரவரியில், இங்கிலாந்தின் நியூகாசிலில் கூட்டத்தின் முன் கரி இழை மின்விளக்கை எரித்துக் காட்டியவர். பள்ளியில் நமக்கு எடிசன் மட்டும்தான்.

1881 டிசம்பர், லண்டன் சவாய் அரங்கம். மேடை முழுக்க ஸ்வான் விளக்குகள். கேஸ் விளக்குக்குப் பழகிய ஜனங்களுக்குத் தீ பயம்.

அரங்க உரிமையாளர் எரியும் பல்பு ஒன்றை மஸ்லின் துணியில் சுற்றினார்.

எல்லோர் முன்னாலும் உடைத்தார்.

விளக்கு அணைந்தது. துணியில் ஒரு கருகல்கூட இல்லை.

அப்புறம் எடிசனும் ஸ்வானும் கூட்டுச் சேர்ந்தார்கள். பல்பின் பெயர் எடிஸ்வான்!

சரி, அம்மா முறத்தோடு நிற்கிறார்.