கொல்லைக் கீரை நாட்குறிப்பு: கார்த்திகை முதல் மாசி வரை

டிசம்பர் 5
மழை விட்ட மாதிரி இருக்கிறது. வங்கக் கடலில் இன்னொரு தாழ்வு மண்டலம் கிளம்பினால் காட்பாடியில் எங்கள் கொல்லை மறுபடி குளம்தான். ஐப்பசி மழையில் கீரை தூவினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு அடித்துப் போகும். தப்பி முளைத்தது வேரழுகிச் சாயும். அதனால் தீபம் முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் பாத்தி கட்டுவது. இன்று பாலக், வெந்தயம், கொத்தமல்லி. மல்லியைச் செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவினேன். பாதிக்கு ஒரு விதை.

டிசம்பர் 8
தம்பி மகள் லெட்டூஸ் விதை அனுப்பியிருக்கிறாள். 'கடைசி உறைபனிக்குப் பின் விதைக்கவும்' என்று பாக்கெட்டில் இருக்கிறது. வேலூரில் அது எந்தத் தேதி? மார்கழி விடியலில் 18 டிகிரிக்கே நாங்கள் மப்ளர் சுற்றிக்கொள்கிற ஆட்கள்.

ஊட்டிச் சித்தியிடம் கேட்டேன். "மேகம் இல்லாம, காத்து அசையாம இருந்தா அன்னிக்கு ராத்திரி பனி விழும்டா. புல்லு வெள்ளையாயிடும். வெயில் பட்டதும் இலை கருகிடும்" என்றார். அங்கே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இதே கவலை. விடியற்காலையில் ஸ்பிரிங்ளர் போட்டுக் காப்பாற்றுவார்களாம்.

டிசம்பர் 29
நம்மூர்ப் பனி கருக்காது, ஆனால் சும்மாவும் விடாது. ஓரத்தில் இருந்த முளைக்கீரையில் இலையின் மேல்பக்கம் வெளிர்மஞ்சள் புள்ளி. திருப்பினால் அடியில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைக் கொப்புளம். இரவெல்லாம் இலை நனைந்தே இருந்தால் வருகிற பூஞ்சணம். பட்ட இலைகளைக் கிள்ளி எறிந்து, நெருக்கத்தைக் கலைத்துவிட்டேன். இனி சாயங்காலத் தண்ணீர் கிடையாது. காலையில், வேரடியில் மட்டும்.

ஜனவரி 17
பாலக் முதல் அறுப்பு. வெந்தயக்கீரை பொங்கலுக்கு முன்பே சாம்பாருக்குப் போய்விட்டது.

ஜனவரி 25
பாக்கெட்டுக்காரன் கணக்கை அப்படியே திருப்பிப் போட்டேன். அவனுக்குக் குளிர் எதிரி, நமக்கு வெயில். பாறை மலைகள் சூழ்ந்த ஊர். பங்குனியில் ராத்திரிகூட அனல் அடங்காது. மார்ச் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன்: பாலக் முதல் அறுப்புக்கு 40 நாள், அப்புறம் இரண்டு அறுப்புக்கு ஒரு மாதம். அப்படியென்றால் கடைசித் தூவல் ஜனவரி முதல் வாரம். இப்போது தூவினால் ஒரே அறுப்புதான். லெட்டூஸுக்கு முளைக்கவே குளிர்ச்சி வேண்டும், அதை அடுத்த கார்த்திகைக்கு எடுத்து வைத்தாயிற்று.

பிப்ரவரி 22
தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். விடியலில் அது சரிதான். பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மல்லி பூவெடுத்துவிட்டது, விதைக்கு விட்டேன். வெந்தயப் பாத்தியைக் கொத்தி, மணல் கலந்து சிறுகீரை தூவியாயிற்று. அதற்கு இந்தச் சூடுதான் பிடிக்கும். 25 நாளில் பிடுங்கலாம். மே முதல் வாரம் அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் இரண்டு ஈடு எடுத்துவிடலாம், கிணற்றில் தண்ணீர் இருந்தால்.