மிளகுக்கு ஓட்டப் பயிற்சி: சுங்கை சிப்புட் (மலேசியா) நாட்குறிப்பு

ஜூலை 5, 2025, சனி

எங்கள் நாய் மிளகின் உயரத்தை இன்று ஒழுங்காக அளந்தேன். நாயின் உயரம் என்றால் தலை வரைக்கும் இல்லை, முன்னங்கால் தோளுக்கு மேலே முதுகு தொடங்கும் மேடு வரைக்கும்தான். சுவரோரமாக நிற்க வைத்து, மகனின் மூலைமட்டத்தை முதுகில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். 28 சென்டிமீட்டர். உலக நாய் அமைப்பான எஃப்சிஐ விதிப்படி 35-க்குக் கீழே இருந்தால் சின்ன நாய். எடை 5.4 கிலோ. அப்பா யாரென்று தெரியாது. அம்மா, செம்பனைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் படுத்துக் கிடந்தவள்.

அஜிலிட்டி ஆசை எனக்குப் பழையது. நாய் தடி தாண்டி, குழாய்க்குள் நுழைந்து, கம்பங்களுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து ஓடும் விளையாட்டு. 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நடுவில் கூட்டத்துக்குப் பொழுது போகட்டும் என்று குதிரைத் தாண்டலைப் பார்த்துச் செய்து காட்டியதாம். எலும்பு முற்றாத குட்டியைத் தாண்ட விடக்கூடாது என்பதால் இத்தனை நாள் பொறுத்தேன். இப்போது இவனுக்கு இரண்டு வயது. இனி சாக்குச் சொல்ல முடியாது.

ஜூலை 8, செவ்வாய்

வேலை முடிந்து ஹார்ட்வேர் கடைக்குப் போய் பிவிசி குழாய் வாங்கி வந்தேன். மோட்டார் சைக்கிளில் குறுக்கே வைத்துக் கொண்டு வந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமா, "என்னம்மா, ஆட்டுக்குப் பட்டி கட்டுறியா?" என்றார். மாமா நாற்பது வருடம் பால்மரம் (ரப்பர்) சீவியவர். தோட்டத்து லய வீடுகளை இடித்த பிறகு எங்களைப் போலவே இந்தத் தாமானுக்கு (குடியிருப்புக்கு) வந்தவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். அப்புறம் ரம்பத்தை எடுத்து வந்தார்.

வீட்டோரக் காலி நிலத்தில் பன்னிரண்டு கம்பம் நட்டோம், ஒவ்வொன்றுக்கும் நடுவே 60 சென்டிமீட்டர். தாண்டு தடியைக் கட்டி வைக்கவில்லை, சும்மா தாங்கியில் கிடத்தியிருக்கிறது. கால் பட்டால் விழ வேண்டும், இல்லாவிட்டால் விழுவது நாயாக இருக்கும். துணிக் குழாய் உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் நிரப்பிய அரிசிப் பை.

திடலுக்குப் போகப் போவதில்லை. சாயங்காலம் அங்கே பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், நாய் வந்தால் சிலருக்குச் சங்கடம். அதுவும் சரிதான்.

ஜூலை 13, ஞாயிறு

காலை ஏழேகாலுக்கே தொடங்கிவிட்டோம். எட்டரைக்கு மேல் வெயிலில் நாயை ஓட விடுவது பாவம்.

ஒரு வாரமாக ஒரே பிரச்சினை. தடியை நோக்கிக் குனிந்து கையை நீட்டி, "வா, வா" என்றால் மிளகு பின்வாங்குகிறான். காதை ஒட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். நெத்திலி காட்டினால் நெத்திலியைப் பார்க்கிறான், தடியைப் பார்ப்பதில்லை. பயந்தாங்கொள்ளி என்றே முடிவு கட்டியிருந்தேன்.

மாமா இன்று வேலியோரம் குந்தி உட்கார்ந்து தே ஓ (பாலில்லாத் தேநீர்) குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ கையைக் காட்டுற, அவன் உன் காலைல்ல பாக்குறான்" என்றார். நான் நம்பவில்லை. "படுத்துப் பாரு" என்றார்.

படுத்தேன், ஈரப் புல்லில். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா துணி காயப் போட்டுக்கொண்டே பார்த்திருப்பார், போகட்டும். கன்னம் தரையில் பட, மாமாவை நடந்து வரச் சொன்னேன். முதலில் தெரிந்தது ரப்பர் செருப்பு. அப்புறம் முழங்கால். கை எங்கோ வானத்தில். அவர் என்மேல் குனிந்ததும் ஒரு கூரை சரிந்து விழுவது போல இருந்தது. நானே ஒதுங்கிக்கொண்டேன்!

எழுந்து, நிமிர்ந்தே ஓடினேன். கால் விரல் எங்கே போக வேண்டுமோ அங்கே திரும்ப, கையை மறந்துவிட்டு. நெத்திலியையும் கையில் கொடுக்காமல் தடிக்கு அந்தப் பக்கம் தரையில் எறிந்தேன். மூன்றாவது தடவை மிளகு என்னை முந்திக்கொண்டு தாண்டினான்.

ஜூலை 19, சனி

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தடி 10 சென்டிமீட்டரில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தங்கைக்கு வீடியோ அனுப்பலாம் என்று 30-க்கு ஏற்றினேன். போட்டிகளில் சின்ன நாய்க்கு 25 முதல் 30 வரைதானே வைக்கிறார்கள் என்று ஒரு கணக்கு. அந்த நாய்கள் பல மாதம் பழகியவை என்பது தோன்றவில்லை. ஆறாவது தாண்டலுக்குப் பிறகு பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நாலைந்து எட்டு வைத்தான். உடனே சரியாகிவிட்டது. ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

ஈப்போவில் மருத்துவரிடம் காட்டினேன். மிளகின் முழங்காலைப் பிடித்து, கட்டை விரலால் முட்டிச் சில்லை மெல்லத் தள்ளினார். நகர்ந்தது, விரலை எடுத்ததும் தானே இடத்துக்குத் திரும்பியது. இப்படி முட்டிச் சில்லு விலகுவது சின்ன நாய்களுக்கு அடிக்கடி வருவதாம். இவனுக்கு முதல் நிலைதான், அறுவை வேண்டாம். தொடைச் சதை ஏற வேண்டும், எடை ஏறக்கூடாது, மேட்டில் நடக்க வையுங்கள், இரண்டு வாரம் தாண்டல் கிடையாது என்றார். தாண்டு தடிகளைக் கழற்றிப் பின்கட்டில் சாய்த்து வைத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஆடி மாதம். கோயிலில் விடியற்காலையிலிருந்தே உறுமி மேளம். மிளகு கட்டிலுக்கு அடியில்.

அவன் வராத நேரத்தில் மாமாவும் நானும், நாய் ஏறி நடந்தால் மறுபக்கம் சாயும் சீசா பலகையைச் சரி செய்தோம். இதுதான் சின்ன நாய்க்குப் பெரிய சோதனை. பெரிய நாய் நடுவைத் தாண்டியதும் பலகை இறங்கிவிடும். ஐந்து கிலோக்காரன் இன்னும் தள்ளிப் போய், கீழே இறங்குமா இறங்காதா என்று நின்றுகொண்டிருக்க வேண்டும். இதற்கும் விதி உண்டு: இறங்கும் பக்கத்தில் ஒரு கிலோ வைத்தால் இரண்டு மூன்று வினாடிக்குள் பலகை தரையைத் தொட வேண்டும். சமையலறையிலிருந்து ஒரு கிலோ சீனிப் பாக்கெட்டை எடுத்து வந்து வைத்தோம். பலகை அசையவில்லை. மாமா அச்சுக் குழாயை இரண்டு விரல்கடை நகர்த்தினார். இப்போது மெல்ல இறங்கியது. "ஒண்ணு, ரெண்டு, மூ..." டக். சத்தம் அதிகம், அடியில் பழைய சாக்கைக் கட்டினோம். சீனிப் பாக்கெட்டில் எறும்பு ஏறிவிட்டது, அதற்கு வீட்டில் பேச்சு வாங்கினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மருத்துவர் சொன்ன கெடு முடியவில்லை. தடி இல்லை, சீசாவும் இல்லை. துணிக் குழாயும், கம்பங்களை அகல விலக்கிவிட்டு அதன் நடுவே ஒரு நேர் ஓட்டமும் மட்டும், மெதுவாக. என் கால்களை மட்டும் பார்க்கட்டும் என்று புது வெள்ளைக் காலணி ஒரு ஜோடி வாங்கியிருந்தேன். பச்சைப் புல்லில் பளிச்சென்று தெரியும் அல்லவா? நன்றாகத்தான் வேலை செய்தது. இடப் பக்கம் திரும்பினேன், திரும்பினான். நின்றேன், நின்றான். வாய் திறக்கவே இல்லை.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் வாசலில் இடது காலணியின் நாக்கு தனியாகக் கிடக்கிறது. மிளகு அதன்மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறான். நாளைக்குப் பழைய ரப்பர் செருப்புதான்.