சம்பளக் கணக்கு தெரிந்தவர் திரையில் பேசினால்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பவர்கள் ஈஎஸ்பிஎன் விளையாட்டு சேனலில் மைக் டேனன்பாம் பேசும்போது கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். சட்டம் படித்தவர். நியூயார்க் ஜெட்ஸ் அணியில் சம்பள உச்சவரம்புக் கணக்கை (ஓர் அணி ஒரு வருடத்தில் ஆட்டக்காரர்களுக்குச் செலவிடலாம் என்று லீக் வைக்கும் எல்லை) பார்த்தே மேலே வந்து, 2006இல் பொது மேலாளர் ஆனார். 2009, 2010 சீசன்களில் அணி அடுத்தடுத்து லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான ஏஎஃப்சியின் இறுதி ஆட்டம்வரை போனது. 2012 சீசன் முடிந்ததும் பதவி போனது. பிறகு மயாமி டால்ஃபின்ஸ் அணி, அதற்குப் பிறகு டிவி.

“ஆடலைன்னா தூக்கிட வேண்டியதுதானே?” என்று கேட்கிறோம். 5 வருட ஒப்பந்தம், கையெழுத்து போனஸ் 2 கோடி டாலர் என்று வையுங்கள். பணம் ஆட்டக்காரருக்குப் போய்விடும். உச்சவரம்புக் கணக்கில் மட்டும் வருடத்துக்கு 40 லட்சமாகப் பிரித்து எழுதுவார்கள். 2 வருடம் கழித்து நீக்கினால் மிச்சம் 1.2 கோடியும் அந்த வருடக் கணக்கிலேயே ஏறும். ஜூன் 1க்குப் பிறகு நீக்கினால் அந்த வருடம் 40 லட்சம், மறு வருடம் 80 லட்சம். அதனால்தான் பல அணிகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன.

இதை அவர் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. 2012 மார்ச்சில் ஜெட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) மார்க் சாஞ்சஸின் ஒப்பந்தத்தை நீட்டித்தது அவர் காலத்தில்தான். ஆட்டம் சரிந்தபோதும், உறுதியளித்த தொகை காரணமாக மறு வருடம் சாஞ்சஸை விடுவிப்பது ஜெட்ஸுக்குக் கடினமானது. என் கணிப்பில், டேனன்பாமின் பேச்சுக்குக் கனம் தருவது அந்த அனுபவம்தான்.